பறங்கியும் முப்பத்திரண்டு பக்கங்களும்

சென்ற மாதம் இங்கே சிசிலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் எங்கள் ஆட்கள் நடத்தும் ஒரு வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கான வகுப்பு அது. முப்பது வருடம் இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன் ஏதாவது உருப்படியாகச் சொல்வான் என்று நினைத்துவிட்டார்கள் போலும். எனக்கு முன்னால் பேசிய பெண் தன் கைபேசியை எடுத்து ஒரு மருந்துச் சீட்டின் மேல் பிடித்தாள். அது தானாகவே சீட்டை வாசித்தது. கண் தெரியாதவர்களுக்கு இனி இது போதும், நீங்கள் மினக்கெடத் தேவையில்லை என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு தர்சினி என்றொரு பிள்ளை என்னிடம் கேட்டாள்.

“அங்கிள், நீங்கள் அந்த நாளையிலை என்ன வேலை கூடச் செய்தனீங்கள்? சமையலோ, கழுவுறதோ?”

“வாசிச்சனான்.”

“என்னத்தை?”

“சண்டையளை. தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தின சண்டையளை.”

எல்லோரும் சிரித்தார்கள். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். வாசிப்பதும் ஒரு வேலைதான், அதிலும் பிழை விடலாம், அந்தக் கைபேசி ஒருநாளும் விட முடியாத பிழையை நான் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. தேநீருக்கும் றோல்ஸுக்கும் முன்னால் என் கதை எடுபடாது. அதனால் எழுதுகிறேன்.

இத்தாலிக்கு வந்த கதையை நீட்டப் போவதில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் அந்தக் கதை இருக்கிறது. முதல் மூன்று வருடம் வியா மக்வேதா என்ற தெருவில் மாடிப்படிகள் கழுவினேன். ஓர் உணவகத்தில் மீன் துப்புரவாக்கினேன். இத்தாலியன் கதைக்கக் கற்றது கபோ சந்தையில். அங்கே கற்றால் திட்டுவதற்கும் விலை குறைப்பதற்கும் முதலில் வாய் வரும், மற்றதெல்லாம் பிறகு. எழுத்தை மட்டும் பாதிரியார் நடத்திய மாலை வகுப்பில் படித்தேன். ஊரில் சங்கக்கடையில் கணக்கெழுதியவன் என்பதால் எழுத்து எனக்குப் பயமில்லை.

தொண்ணூற்று மூன்றில் சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போனேன். சிஞ்ஞோரா என்று மட்டுமே எழுதுகிறேன், பெயரைப் போட்டால் கோபிப்பார். பல்கலைக்கழகத்தில் அரபு படிப்பித்து ஓய்வு பெற்றவர். தனியாள். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரப்பார்வையால் என்னைப் பார்த்து, “சிஞ்ஞோர் சிவம், உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

“வாசிப்பன் சிஞ்ஞோரா. விளங்கிறதுதான் பாதி.”

“பாதி போதும். விளங்கிவிட்டால் நீங்கள் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள்.”

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கதைத்தது இத்தாலியனில். அவர் பேச்சை எழுத்துத் தமிழில் தருகிறேன், ஏனென்றால் அவர் வாயில் வந்ததெல்லாம் அச்சடித்த மாதிரித்தான் இருக்கும். என் இத்தாலியன் சந்தைச் சரக்கு. அதை என் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் பொருந்தும்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு புத்தகம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் சிலுவை யுத்தம் என்று படித்தோமே, அதைப் பற்றியது. எங்கள் சரித்திரப் புத்தகத்தில் அதற்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஐரோப்பாவின் அரசர்களும் பிரபுக்களும் ஜெருசலேமை மீட்கக் கிளம்பினார்கள், போனார்கள், வந்தார்கள். எதிரே நின்றவன் யார், அவன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. சிஞ்ஞோராவின் புத்தகத்தில் எழுதியிருந்தவர்கள் முழுப்பேரும் அந்த எதிரே நின்றவர்கள். டமாஸ்கஸ், அலெப்போ, மோசுல் நகரத்துக்காரர்கள். அவர்கள் அரபியில் எழுதி வைத்ததை அவர் கண் இருந்த காலத்திலேயே தெரிந்தெடுத்து, இத்தாலியனில் மொழிபெயர்த்து, பதினான்கு கொப்பிகளில் எழுதி முடித்திருந்தார். திருத்தும் வேலைதான் மிச்சம். அதற்குள் கண் போய்க்கொண்டிருந்தது. இனி இன்னொரு புத்தகம் எழுத அவரால் முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாசிப்புக்கு ஒரு முறை வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு மேசை. நான் ஜன்னல் பக்கம், அவர் எதிரே. வரிக்குக் கீழே அடிமட்டம், கோடு போடுகிற அளவுகோல், வைக்க வேண்டும். அடிமட்டத்தை வரிவரியாக இறக்க வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். அவர் கையில் ஒரு பென்சில் இருக்கும், எழுத அல்ல, தட்ட. ஒருமுறை தட்டினால் திரும்ப வாசி. இரண்டுமுறை தட்டினால் திருத்தம் சொல்கிறேன், எழுது. மூன்றுமுறை தட்டினால் வாயை மூடு, யோசிக்கிறேன். முதல் மாதத்தில் நான் அதிகம் கேட்டது மூன்று தட்டுத்தான். சில நாட்களில் அந்த மூன்று தட்டுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நான் போய்ப் பருப்பு அவித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். ஒருநாளும் பரவாயில்லை என்றும் சொல்ல மாட்டார். பிழை விட்டால், “மறுபடி” என்பார். பத்தாம் தரம் விட்டாலும் அதே குரலில் அதே மறுபடி. இதைவிடத் திட்டினால் நிம்மதி என்று மலரிடம் சொல்லியிருக்கிறேன். மலர் என் மனைவி, ஒரு பல் வைத்தியரின் இடத்தைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

அவருடைய கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அவர் ஒருமுறை சரி என்று சொல்லிவிட்ட பக்கங்களை என்னுடைய கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். மொழி இத்தாலியன், எழுத்து தமிழ். அடுத்தநாள் மீட்டு வாசிக்கும்போது அதைப் பார்த்து வாசித்தால் தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் எங்கள் எழுத்தில் பகரம் ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். இத்தாலியனில் சமாதானங்களுக்கும் ‘பாச்சி’, முத்தங்களுக்கும் ‘பாச்சி’, முதல் ஒலி மட்டும் வேறு. ஒருநாள் இரண்டு அமீர்களுக்கிடையே மூன்று சமாதானங்கள் நடந்த இடத்தில் நான் மூன்று முத்தங்கள் என்று வாசித்துவிட்டேன். பென்சில் தட்டியது.

“இருக்கலாம்,” என்றார் சிஞ்ஞோரா. “ஆனால் என் ஆசிரியர் அதை எழுதவில்லை.”

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்த மனிதர்கள் வந்தவனை ஒரு வரியில் சபித்தால், தங்கள் பிரபுக்களைப் பத்து வரியில் சபித்தார்கள். அண்ணனின் கோட்டையைத் தம்பி காட்டிக் கொடுப்பான். பக்கத்து ஊர் எரியும்போது இந்த ஊர் அமீர் எதிரியோடு தனிப் பேச்சு நடத்துவான். எங்கேயோ கேட்ட கதையாக இருந்தது எனக்கு. சில பக்கங்களை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

இன்னொன்று, அந்தப் போர் எங்கே தொடங்கியது என்பது. ஜெருசலேமில் இல்லையாம். முதலில் ஸ்பெயினில் ஊர்களைப் பிடித்தார்கள், பிறகு இந்தச் சிசிலியைப் பிடித்தார்கள், அதற்குப் பிறகுதான் சிரியாவுக்கு வந்தார்கள் என்று மோசுல்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.

“நீங்கள் காலையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறீர்களே, இந்தப் போர் அந்தத் தெருவழியாகத்தான் போனது,” என்றார் சிஞ்ஞோரா.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இத்தாலியனில் அவர் அந்த வந்தவர்களை ‘ஃப்ராங்கி’ என்று எழுதியிருந்தார். பிராங்க் இனத்தவர் என்று பொருள். பக்கத்துக்குப் பத்துத் தரம் வரும். என் தமிழ்க் கொப்பியில் அதை எப்படி எழுதுவது? முதல்நாள் காதில் விழுந்ததை எழுதினேன், பறங்கி. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, பொருத்தமாகவும் இருந்தது. கப்பலில் வந்தான், சிலுவையோடு வந்தான், கோயிலை இடித்தான். ஊரில் நாங்கள் அவனைப் பறங்கி என்றுதானே சொன்னோம்? வாசிக்கும்போது மட்டும் ஃப்ராங்கி என்று சொல்லிக்கொள்வேன். ஒருநாள் நித்திரைக் குறைவு, வாய் தவறிவிட்டது.

“பறங்கிகள் நகர மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்தார்கள்,” என்று வாசித்தேன்.

ஒரு தட்டு. நான் ஃப்ராங்கி என்று திருத்தினேன். மறுபடி ஒரு தட்டு.

“இல்லை. முதலில் சொன்னதைச் சொல்லுங்கள்.”

“பறங்கி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ சிஞ்ஞோரா, அது எங்கடை சொல்.”

“உங்கள் சொல்லா? உங்கள் ஊரில் யாரைச் சொல்வீர்கள்?”

சொன்னேன். போர்த்துக்கேயரைச் சொன்னோம், பிறகு அவர்கள் வழியில் வந்த எல்லோரையும் சொன்னோம். அவர்கள் இருந்த தெரு பறங்கித்தெரு. பறங்கிக்காய் என்றொரு காய். பறங்கிப்புண் என்றொரு வியாதி. பறங்கிப்பட்டை என்று மருந்துக்கடையில் ஒரு பட்டை.

“வருத்தத்துக்கும் அவன்ரை பேர், மருந்துக்கும் அவன்ரை பேர்,” என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். நாற்காலியில் சாய்ந்து, பென்சில் கீழே விழ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கினார். அந்த அரபு எழுத்தாளர்கள் ஒருவரும் சிலுவை வீரர் என்று எழுதவில்லை. அப்படி ஒரு சொல் அவர்களிடம் இல்லை. வந்தவன் தன்னைக் கடவுளின் படை என்று நினைத்திருக்கலாம், அடி வாங்கியவனுக்கு அவன் வெறும் ‘ஃபரஞ்சி’, ஃப்ராங்கியின் அரபு உச்சரிப்பு. அரபு வியாபாரிகளின் கப்பலில் அந்தச் சொல் இந்தியக் கடலுக்குப் போயிற்று. நானூறு வருடம் கழித்துப் போர்த்துக்கேயன் எங்கள் கரைக்கு வந்தபோது, அவனைக் கூப்பிட எங்களுக்குப் பெயர் முன்கூட்டியே தயாராக இருந்தது.

“அந்தச் சொல்தான் இந்தப் புத்தகம்,” என்றார். “அதை மாற்றினால், கதையை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கி வந்தவன் வாயில் வைத்த மாதிரி.”

அந்தச் சொல்லுக்குத்தான் ஆபத்து வந்தது. பதிப்பகத்தின் பொறுப்பாளரை எல்லோரும் தொத்தோரே என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நல்ல உடுப்பு, நல்ல வாசம், மரியாதையான ஆள். ஒருநாள் நாலு மாடியும் ஏறி வந்து, கோப்பி குடித்துவிட்டு, ‘ஃப்ராங்கி’ வேண்டாம், ‘க்ரொச்சாத்தி’ என்று போடுவோம் என்றார். க்ரொச்சாத்தி என்றால் சிலுவை வீரர். பள்ளிக்கூடங்களுக்குப் போகிற புத்தகம், பிள்ளைகளுக்கு அதுதான் விளங்கும் என்றார்.

“முடியாது,” என்றார் சிஞ்ஞோரா.

“யோசியுங்கள்.”

“நாற்பது வருடம் யோசித்துவிட்டேன். முடியாது.”

தொத்தோரே சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி வந்தது. எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க ஒரே நாளில் எழும்பி, மழைக்குள் தலைச்சுமையோடு நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தது. அதில் என் அம்மாவும் தங்கை குடும்பமும் இருந்தார்கள். இருந்தார்கள் என்று பிறகுதான் தெரியும், அப்போது ஒரு தகவலும் இல்லை. கொழும்பில் இருக்கும் மச்சானுக்குத் தொலைபேசி எடுப்பேன், அவனும் தெரியாது என்பான்.

அந்தக் கிழமைதான் மேசையில் அந்தப் பக்கம் வந்தது. ஜெருசலேம் விழுந்தபின் தப்பியவர்கள் டமாஸ்கஸுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே இருந்த காதி, நீதவான் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அவர்களைக் கூட்டிக்கொண்டு பாலைவனம் தாண்டி பாக்தாத்துக்குப் போகிறார், கலீபாவிடம் முறையிட. நோன்பு மாதம். பெரிய பள்ளிவாசலில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குகிறார். சனம் கொதித்து எழும்புகிறது. ஒருவன் நோன்பை முறித்ததற்கு இவ்வளவு கோபம் வருகிறது உங்களுக்கு, ஒரு நகரமே போனதற்கு ஏன் வரவில்லை என்பதுதான் அவர் கேட்க நினைத்தது. பிறகு நடந்ததைச் சொல்கிறார். அரண்மனையில் எல்லோரும் அழுகிறார்கள்.

நான் என் கொப்பியிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சிஞ்ஞோராவிடம் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் மலருக்கு முன்னால் வைத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பிறகு என்ன செய்தவை?” என்று கேட்டாள்.

“அழுதவை எண்டு எழுதிக்கிடக்கு.”

“ஓம், அழுதவை. அழுதுபோட்டு?”

“இரக்கப்பட்டு நாலு நல்ல சொல்லுச் சொல்லி அனுப்பிவிட்டவை. படை ஒண்டும் வரேல்லை.”

“அண்டைக்கும் அப்பிடித்தானோ,” என்று எழுந்து கை கழுவப் போனாள். போகும்போது தாளை வாங்கிச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கார்த்திகையில் தகவல் வந்தது, எல்லோரும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் காலில் புண், மற்றப்படி சுகம். தாள் அங்கேயே இருந்தது.

தை மாதம் அச்சுப்படிகள் வரத் தொடங்கின. புத்தகமாக அச்சடிக்கும் முன், எழுத்துக் கோத்து, பிழை பார்க்க அனுப்பும் தாள்கள் அவை. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒவ்வொரு பாரமாக வரும், வாசித்துத் திருத்தி, ‘அச்சிடலாம்’ என்று சிஞ்ஞோரா கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் அவருக்கு வெளிச்சமும் இருட்டும் தவிர ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. பேனையைக் கையில் கொடுத்து, விரலைப் பிடித்து இடத்தில் வைத்தால், கையெழுத்து மட்டும் பழைய மாதிரி நேராக விழும்.

“அச்சில் உள்ளதை வாசியுங்கள், சிஞ்ஞோர் சிவம். நினைவில் உள்ளதை அல்ல. அடிமட்டம் வைத்து,” என்றார்.

அடிமட்டம் வைத்தேன், முதல் அரைமணிக்கு. அச்செழுத்து பொடி. பதிப்பகத்திலிருந்து அவசரம் அவசரம் என்று தொலைபேசி. அம்மாவின் கால் எப்படி என்று கொழும்புக்கு எடுத்துக் கேட்க, நான் மூன்று மணிக்கு முன்னர் தொலைபேசிக் கடை வரிசையில் நிற்க வேண்டும். அச்சுப்படி மேசையில் விரிந்திருக்க, பக்கத்தில் என் தமிழ்க் கொப்பியைத் திறந்து வைத்து அதிலிருந்து வாசித்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு கண்ணை அச்சின் மேல் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நேராகச் சொல்கிறேன், அது சோம்பல். சிஞ்ஞோராவுக்குச் சந்தோசம். “நன்றாக வாசிக்கப் பழகிவிட்டீர்கள்,” என்றார். அவர் என்னைப் பாராட்டியது அது ஒரே தரம். இரண்டு பாரம், முப்பத்திரண்டு பக்கம், அவர் கையெழுத்தை வாங்கி அனுப்பினேன்.

மூன்றாவது பாரத்தில் ஜெருசலேம் அகதிகள் வந்தார்கள். கொப்பியைப் புரட்டினேன், தாள் இல்லை. அது எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது. வேறு வழியில்லாமல் அடிமட்டத்தை எடுத்து அச்சின் மேல் வைத்தேன். எழுத்து எழுத்தாக வாசித்தேன். “தப்பி வந்தவர்கள், காற்புள்ளி, க்ரொச்சாத்திகள் தங்களுக்குச் செய்ததை...”

ஒரு தட்டு.

திரும்ப வாசித்தேன். க்ரொச்சாத்தி. என் வாயில் வந்தபின்தான் எனக்கே உறைத்தது.

“அங்கே அப்படியா இருக்கிறது?”

“ஓம் சிஞ்ஞோரா.”

“அடுத்த வரி?”

அடுத்த வரியிலும் அதுதான். நான் எழுந்து நின்றேன். இந்தப் பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டான்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு குருவிக்கும் தெரிந்திராது. புத்தகம் வெளிவந்து யாராவது சொல்லும்வரை அவர் நிம்மதியாக இருந்திருப்பார், நானும் என் வேலையும் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியும் பத்திரமாக இருந்திருப்போம். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் சாமித்தட்டில் இருந்த அந்தத் தாளில் பறங்கி என்று எழுதியிருந்தது, என் கையெழுத்தில். அதைக் கேட்டுத்தான் மலர், “அழுதுபோட்டு?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு வாய் பொய் சொல்ல மறுத்துவிட்டது.

“சிஞ்ஞோரா, முதல் ரெண்டு பாரத்தையும் நான் அச்சைப் பார்த்து வாசிக்கேல்லை. என்ரை கொப்பியைப் பார்த்து வாசிச்சனான். அதிலை என்ன கிடக்குதெண்டு எனக்குத் தெரியாது.”

கீழே தெருவில் ஒருவன் எலுமிச்சை விற்றுக்கொண்டு போனான்.

“எத்தனை பக்கம்?”

“முப்பத்திரண்டு.”

“அப்படியென்றால் முப்பத்திரண்டு பக்கத்துக்கு நான் எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன்.” குரல் உயரவில்லை. “என் மேலங்கியை எடுங்கள்.”

“மாடிப்படி எண்பது, சிஞ்ஞோரா. நான் போட்டு வாறன்.”

“மேலங்கி.”

ஒன்றரை வருடமாக அவர் அந்தப் படி இறங்கியதில்லை. ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி, என் முழங்கையைப் பிடித்து இறங்கினார். போர்கோ வெக்கியோவில் பதிப்பகம், பின்னால் அச்சுக்கூடம். தொத்தோரே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் ஒளிக்கவில்லை. ஆமாம், மாற்றினேன் என்றார். “அதற்காகத்தானே அச்சுப்படி அனுப்புகிறோம்? பிடிக்கவில்லை என்றால் திருத்தியிருக்கலாம். கையெழுத்து வைத்து அனுப்பினீர்கள். நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.”

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. சிஞ்ஞோராவின் கையெழுத்தை நான்தான் அவர் கையில் ஆயுதமாகக் கொடுத்திருந்தேன்.

“அந்த இரண்டு பாரமும் அச்சாகிவிட்டது,” என்றார். “எண்ணூறு பிரதி. திரும்ப அடிக்க மாட்டேன். மிச்சத்தையும் அதேபோல் விடுவதுதான் ஒழுங்கு.”

சிஞ்ஞோரா வாய் திறக்கும் முன்னர் நான் திறந்துவிட்டேன். அங்கே கதைக்க எனக்கு ஓர் உரிமையும் இல்லை.

“தொத்தோரே, வாசிச்சது நான். அவவுக்குக் கண் தெரியாது, நான் ஏமாத்திப்போட்டன். எங்கடை ஊருக்கும் சிலுவையோடை கப்பலிலை வந்தவை. தங்கடை புத்தகத்திலை தங்களை என்ன பேர் சொல்லி எழுதினவையோ எனக்குத் தெரியாது. நாங்கள் பறங்கி எண்டுதான் சொன்னனாங்கள். இண்டைக்கும் அதுதான் பேர். கோயிலை இடிச்சவன் கோயிலைத் திருப்பித் தரேல்லை. இந்தப் பேர் ஒண்டுதான் எங்களுக்கு மிஞ்சினது. அதையும் நீங்கள் திருத்திப்போட்டால், செத்த சனம் தன்னைக் கொலை செய்தவனுக்கு வீரன் எண்டு பேர் சொல்லுற மாதிரிக் கிடக்கும்.”

என் சந்தை இத்தாலியனில் இது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தொத்தோரே என்னைப் பார்த்தார். இந்த இரண்டு வருடத்தில் கோப்பி கொண்டு வந்த கையைத்தான் பார்த்திருப்பார், முகத்தை அன்றுதான்.

“பறங்கியா?” என்றார்.

“ஃபரஞ்சி,” என்றார் சிஞ்ஞோரா. “அதே சொல். இந்த மனிதர் வீட்டில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மூன்றாவது பாரத்திலிருந்து ஃப்ராங்கி என்று திருத்துவீர்கள். முதல் இரண்டுக்கும் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுவீர்கள். இல்லையென்றால் என் பெயரை அட்டையிலிருந்து எடுங்கள்.”

“எண்ணூறு பிரதிக்கும் சீட்டு ஒட்ட என்னிடம் ஆள் இல்லை.”

“நான் ஒட்டுறன்,” என்றேன்.

தொத்தோரே சரி என்றார். அவரைப் பற்றி நான் வேறு குறை சொல்ல மாட்டேன். சரி என்றபின் சொன்னபடி செய்தார்.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்கு மேசை. சிஞ்ஞோரா முதலில் சீட்டை எழுதவிடவில்லை. அச்சான முப்பத்திரண்டு பக்கத்தையும் அடிமட்டம் வைத்து வாசிக்கச் சொன்னார். தமிழ்க் கொப்பி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். க்ரொச்சாத்தி வந்த ஒவ்வொரு இடத்தையும் நான் வாசித்தேன். ஒவ்வொரு இடத்திலும் அவர் தாழ்ந்த குரலில், “ஃப்ராங்கி” என்றார். மூன்று நாள் எடுத்தது. வேறு தண்டனை அவர் எனக்குத் தரவில்லை. இதுவே போதுமாக இருந்தது.

நாலாம் நாள் சீட்டைச் சொன்னார், நான் இத்தாலிய எழுத்தில் எழுதினேன். மூன்று வரி. முதல் முப்பத்திரண்டு பக்கங்களில் க்ரொச்சாத்தி என்று வரும் இடமெல்லாம் ஃப்ராங்கி என்று வாசிக்கவும். இதை எழுதியவர்கள் அவர்களை வேறு பெயரால் அழைத்ததில்லை. பிழை கையெழுத்திட்டவருடையது.

“வாசியுங்கள்,” என்றார்.

வாசித்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

“இது சரியில்லை சிஞ்ஞோரா. பிழை விட்டது நான். மாத்தினது தொத்தோரே. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. என்ரை பேரைப் போடுங்கோ.”

“அந்தத் தாளை ஏன் கிழித்தீர்கள் என்று நேற்றுச் சொன்னீர்கள்,” என்றார் அவர். “உங்கள் மனைவி கேட்ட கேள்வியையும் சொன்னீர்கள். பாக்தாத்தில் அழுதவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை, சிஞ்ஞோர் சிவம். இது என் பொறுப்பு என்று சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது. கொண்டுபோய் அச்சுக்குக் கொடுங்கள்.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மலரும் அச்சுக்கூடத்தின் பின்னறையில் இருந்து எண்ணூறு பிரதிக்கும் சீட்டு ஒட்டினோம். மலர் பசை தடவித் தருவாள். எல்லாச் சீட்டிலும் அதே மூன்று வரிதான் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.